பூரணி மான் பொறுப்பேற்ற கதை

ஒரு காட்டில் ஒரு கடமான் இருந்தாள். கதைகளில் வரும் மான்கள் துள்ளும், ஓடும், புலியை ஏமாற்றும். இவள் படுத்திருந்தாள்.

பூரணி என்று பெயர். முன்பெல்லாம் அவளும் துள்ளியவள்தான். ஓடையை ஒரே தாவில் தாண்டிவிட்டு, திரும்பிப் பார்த்து, "ஓடை எங்கே காணோம்?" என்று கேட்கிற ரகம். ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. சில நாளில் போயும்விட்டது. போகும்போது அவளுடைய தெம்பையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்குப் புங்கமரத்தடியில் படுத்தவள், பிறகு எழவே இல்லை. தலையைத் தூக்குவது ஒரு வேலை. அசைபோடுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டால் மறுநாள் கண் திறக்க வராது. வெளிச்சம் பட்டால் கண் வலித்தது. இலை உதிர்ந்தால் காது வலித்தது. தூங்கினாலும் அசதி தீரவில்லை. தூங்கி விழித்த அசதி என்று புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

பக்கத்து வளையில் வேலாயி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். பூரணிக்கு உறவும் இல்லை, இனமும் இல்லை. ஆனால் அவள்தான் தினமும் நீர்க்கிழங்கு தோண்டி வந்து, மென்று மசித்து, பூரணியின் வாயருகே வைத்தாள். இதில் ஒரு சங்கடம் இருந்தது. வேலாயிக்குக் கோபம் வந்தால் முள்ளெல்லாம் சிலிர்த்து சலசலவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் பூரணிக்கு ஆகாது. அதனால் வேலாயி கோபப்பட வேண்டுமென்றால் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்க் கோபப்பட்டுவிட்டு வருவாள்.

கோபப்பட விஷயமும் இருந்தது. வழியில் போகிற காட்டுப்பன்றி ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "எனக்கும்தான் மத்தியானமானா அசதியா இருக்குது. நானென்ன படுத்துக்கறனா?" என்றது. மயில் ஒன்று, "நேத்து காதை ஆட்டுனதை நான் பாத்தனே! காதை ஆட்டறவளுக்குக் கால் ஆட்ட வராதாக்கும்?" என்றது. இரண்டு முறையும் வேலாயி ஓடையைத் தாண்டிப் போய்விட்டு வந்தாள்.

இப்படியிருக்கையில் காட்டு நிர்வாகம் ஒரு நல்ல காரியம் செய்தது. 'தீராச் சோர்வு சிறப்பு மருத்துவப் பிரிவு' என்று ஒன்றைத் திறந்தது. காட்டிலேயே உயரமான கழுகுப்பாறையின் உச்சியில் திறந்தது. சோர்ந்தவர்களுக்கு நல்ல காற்று வேண்டுமல்லவா, அதற்காக.

அங்கே மருத்துவர் ஒரு கொக்கு. வெள்ளிங்கிரி என்று பெயர். காலையிலிருந்து மாலை வரை ஒற்றைக் காலில் அசையாமல் நின்று, வருகிறவர்களிடம், "தினமும் ஓடுங்க, சோம்பல் போகும்" என்று சொல்லுவார்.

வேலாயி மூச்சிரைக்க ஏறிப் போனாள். வரிசையில் ஓர் அணில் மட்டும் நின்றிருந்தது. அணிலைப் பார்த்த மாத்திரத்தில் டாக்டர், "இவ்வளவு உசரம் ஏறி வந்துட்டீங்களே! உங்களுக்குச் சோர்வே இல்லை. போய் வாங்க" என்று வாழ்த்தி அனுப்பினார். அணில் அங்கேயே மயங்கி விழுந்தது. "இறங்கறது சுலபம்" என்றார் டாக்டர்.

அடுத்தது வேலாயி.

"ஏனுங்க டாக்டரு, எங்க பூரணிக்கு எந்திரிச்சு உக்காரவே முடியறதில்லைங்க. நீங்க ஒருக்கா வந்து பாக்கோணும்."

"நோயாளி நேர்ல வரணும்மா."

"வர முடிஞ்சா நோயாளி எதுக்குங்க ஆகறா?"

"நேர்ல வராதவங்க எங்க கணக்குல நோயாளியே இல்லை."

"நேர்ல வந்தா?"

"ஏறி வந்தவங்களுக்கு நோய் இல்லைன்னு அனுப்பிடறோம். அதனாலதான் இந்தப் பிரிவுல இதுவரைக்கும் ஒரு நோயாளிக்கும் உடம்பு மோசமாகலை." டாக்டர் பின்னால் இருந்த பலகையை அலகால் காட்டினார். 'சோர்வில்லாக் காடு' என்று எழுதியிருந்தது.

"உங்களுக்குத்தான் றெக்கை இருக்குதுங்களே. ஒரு வீச்சு வீசுனா புங்கமரத்துக்கு வந்துரலாமுங்களே?"

"றெக்கை இருக்கு. உத்தரவு இல்லை" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்துக்கும் உத்தரவு வந்திருக்கவில்லை.

வேலாயி திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். பூரணி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். பிறகு, "நான் போறேன் அக்கா" என்றாள்.

"வேண்டாங் கண்ணு."

"போகலைன்னா, போயிருந்தா சரியாகியிருக்கும்னு சொல்லுவாங்க. அதைக் கேக்கறதுக்குத் தெம்பில்லை."

போனாள். வேலாயி முன்னால் கல்லைத் தள்ளித் தள்ளி வழி செய்ய, பூரணி நாலடி நடப்பதும் படுப்பதுமாக ஏறினாள். விடியலில் கிளம்பியவள் பாறை உச்சியை அடையும்போது வெயில் சாய்ந்திருந்தது. டாக்டர் அவளைப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். "சொந்தக் கால்லயே வந்திருக்கீங்க. பிரமாதம்! நாளையிலிருந்து ஓடை வரைக்கும் ஓடுங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தூரத்தைக் கூட்டுங்க" என்றார்.

இறங்கும் வழியில் பூரணி விழுந்தாள். அந்தக் காட்டுப்பன்றிதான், முணுமுணுத்துக்கொண்டே, ஒரு பெரிய மரப்பட்டையில் அவளை உருட்டி வைத்து இழுத்து வந்து புங்கமரத்தடியில் சேர்த்தது. அதன்பின் பூரணியால் பேச முடியவில்லை. வேலாயி கேள்வி கேட்டால் ஒரு கண்ணிமை அசையும். ஆமாம் என்றால் ஒருமுறை. இல்லை என்றால் அதுவும் இல்லை. கிழங்கை மசித்து வைத்தாலும் விழுங்க வரவில்லை. வேலாயி ஓடைக்கு அந்தப் பக்கம் போனாள். ஆனால் இந்தத் தடவை கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதால் முள் சலசலக்காது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை வந்தது. அந்தக் காட்டில் திங்கள்தோறும் ஆலமரத்தடியில் 'மாக்கள் குறைதீர்க்கும் நாள்' நடக்கும். ஆட்சியர் ஒரு யானை. அங்கயற்கண்ணி என்று பெயர். யானைக்குக் கண் சிறியது என்பது பெயர் வைத்தவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் நல்ல மனசு. யார் என்ன சொன்னாலும் இரண்டு காதையும் விரித்துக் கேட்பார். கேட்டு முடித்ததும், "நடவடிக்கை எடுங்க" என்று பக்கத்தில் இருக்கும் எழுத்தர் சடையப்பனிடம் சொல்லுவார். சடையப்பன் ஒரு கருமந்தி. நடவடிக்கையை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிடுவான். அப்புறம் அது கீழே வராது.

வேலாயி எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "எங்க பூரணி சாகக் கெடக்கறா. இதுக்கு யாருங்க பொறுப்பு?" என்று கேட்டாள். கேட்கும்போது முள் அத்தனையும் எழுந்து நின்றது. கூட்டத்தில் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

ஆட்சியர் டாக்டரை அழைத்தார். "நீங்கதானே பொறுப்பு?"

"பொறுப்புதாங்க அம்மா. ஆனா அடைப்புக்குறிக்குள்ள பொறுப்பு. மருத்துவ அலுவலர், அடைப்புக்குறி, பொறுப்பு. அதாவது அந்த இடத்துல வேற ஆள் வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன். நிக்கிறது மட்டும்தான்." ஒற்றைக் காலில் நின்றபடியே சொன்னார்.

"அப்போ யார் பொறுப்பு?"

"மேலிடங்க."

"கழுகுப்பாறைக்கு மேல வானந்தானுங்களே இருக்குது?" என்றாள் வேலாயி.

ஆட்சியர் தும்பிக்கையால் நெற்றியைத் தடவினார். "சடையப்பா, இதுக்கெல்லாம் பதில் சொல்றதுக்குன்னே ஒரு பதவி இருந்ததே?"

"இருக்குதுங்க. பொறுப்பேற்பு அலுவலர். பதவி உண்டு, ஆள் கிடையாது. நரியப் போட்டோம், நீண்ட விடுப்புல போயிருச்சு. முதலையப் போட்டோம், தண்ணிக்குள்ள போனது மேல வரலை. ஆமையப் போட்டோம், உள்ளதான் இருக்குது, தட்டுனா திறக்கறதில்லை."

"எப்படிப்பட்ட ஆள் வேணும்?"

சடையப்பன் விதியைப் படித்தான். "உள்ளூர்வாசியாக இருத்தல் வேண்டும். அந்நோய் பற்றி நன்கறிந்திருத்தல் வேண்டும். இடமாறுதல் கோரக் கூடாது. எங்கும் ஓடிப்போகக் கூடாது. எதிர்த்துப் பேசக் கூடாது."

வேலாயிக்கு எரிச்சல் தலைக்கேறியது. "அப்படிப் பாத்தா இந்தக் காட்டுல எங்க பூரணியத் தவுத்து வேற ஆள் இல்லைங்க!"

அவள் குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் குத்தல் என்பது முள்ளம்பன்றிகளுக்குத்தான் புரியும், யானைக்குத் தோல் கனம். ஆட்சியரின் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை. நியமனம் பண்ணுங்க" என்றார். சடையப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் உத்தரவை அங்கேயே எழுதி முடித்தான்.

மறுநாள் காலை புங்கமரத்தடியில் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் வெள்ளிங்கிரி இறங்கினார்.

"வணக்கம் மேடம்" என்றார்.

வேலாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நோயாளிய ஊட்டுல வந்து பாக்கறதுக்கு உத்தரவு இல்லைன்னீங்க?"

"நோயாளியப் பாக்கத்தான் உத்தரவு இல்லை. அதிகாரியப் பாக்காம இருக்க உத்தரவு இல்லை."

அவர் பூரணியைப் பார்த்தார். படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு நோயாளியை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. கழுகுப்பாறைக்கு வந்தவர்களெல்லாம் நின்றபடிதான் வந்தார்கள். விலா எலும்பு தெரிந்தது. மூச்சு இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் தூக்கியிருந்த இன்னொரு காலையும் தன்னை அறியாமல் தரையில் ஊன்றினார். "இப்படியா இருக்காங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இப்படித்தாங்க இருக்கறா" என்றாள் வேலாயி.

பழச்சாற்றை அலகில் எடுத்து, சொட்டுச் சொட்டாக எப்படி விழுங்க வைப்பது என்று டாக்டர் காட்டிக்கொடுத்தார். மீன் குஞ்சைப் பிடித்துப் பழகிய அலகு, பதமாகத்தான் வேலை செய்தது. சில நாளில் பூரணியால் மறுபடி முணுமுணுக்க முடிந்தது.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பதவி என்றால் சும்மாவா? வாழ்த்துச் சொல்ல ஒரு கூட்டம் வந்தது. மனுக் கொடுக்க ஒரு கூட்டம் வந்தது. வாழ்த்தவும் வேண்டாம், மனுவும் வேண்டாம், சும்மா அதிகாரியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு கூட்டம் வந்தது. மயில் தோகை விரித்து வரவேற்பு நடனம் ஆடியது. மரங்கொத்தி, அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை செதுக்குகிறேன் என்று புங்கமரத்தையே டொக்டொக்கென்று கொத்தியது. ஒவ்வொரு கொத்தும் பூரணியின் மண்டைக்குள் விழுந்தது. தேறிவந்தவள் மறுபடி இறங்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் வேலாயி கொடுத்த புகாரும் அங்கே வந்து சேர்ந்தது. சடையப்பன் மரத்தில் தொங்கியபடி படித்தான். "கடமான் பூரணிக்குச் சிகிச்சை அளிக்கத் தவறியது குறித்து, பொறுப்பேற்பு அலுவலர் கடமான் பூரணி தக்க விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். ஆட்சியர் நேரில் வந்து விசாரிப்பார்."

வேலாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். முள் குத்தியது. "ஐயோ, என்ற வாயாலயே உன்னையக் கெடுத்துட்டனே கண்ணு! நானாப் போய் வாபஸ் வாங்கிக்கறேன்."

பூரணியின் உதட்டோரம் லேசாகக் கோணியது. வேலாயி அதை வலி என்று நினைத்தாள். சிரிப்பு அது.

"வேண்டாம் அக்கா" என்றாள் பூரணி. "விசாரணை வரைக்கும் என்னைப் பேச வைக்காத. ஒரே ஒரு பேச்சுக்கு மட்டும் தெம்பு சேத்து வைக்கணும்."

சேர்த்து வைத்தாள். அசைபோடுவதைக் கூட நிறுத்தினாள். காதை ஆட்டவில்லை. ஈ வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும் என்று விட்டாள்.

விசாரணை நாளில் காடே புங்கமரத்தடிக்கு வந்துவிட்டது. ஆட்சியர் அங்கயற்கண்ணி வந்து நின்றதும் நிழல் இன்னும் கொஞ்சம் பெரிதானது. பூரணிக்கு அது இதமாக இருந்தது.

"பொறுப்பேற்பு அலுவலர் அவர்களே, இந்த நோயாளிக்கு நேர்ந்த கதிக்கு உங்க விளக்கம் என்ன?"

கூட்டம் சாவகாசமாக உட்கார்ந்தது. எல்லா அதிகாரியும் சொல்கிற மாதிரி, எனக்கு முன்னால் இருந்தவர், எனக்கு மேலே இருப்பவர், எனக்கு வராத உத்தரவு என்று ஒரு நீண்ட உரை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிலர் கொறிக்கக் கொண்டுவந்திருந்தார்கள்.

பூரணி கண்ணைத் திறந்தாள்.

"எல்லாத் தப்பும் என்னுது" என்றாள்.

கொறித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மரத்தில் இருந்த குரங்குக்குட்டி ஒன்று பிடியை விட்டுக் கீழே விழுந்தது. "என்ன சொன்னாங்க?" என்று பின்வரிசையில் கேட்டார்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்குத் திருப்பிச் சொல்ல நா வரவில்லை. அந்தக் காட்டின் சரித்திரத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை எந்த அதிகாரியும் சொன்னதில்லை. சடையப்பனுக்கு எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. "அம்மா, இதுக்கு மாதிரி வாசகம் எதுவும் நம்மகிட்ட இல்லைங்களே" என்றான்.

"அவங்க எதுவும் தெரியாம..." என்று டாக்டர் குறுக்கே வந்தார். பூரணி மெதுவாக ஒரு கண்ணிமையை அசைத்தாள். டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

ஆட்சியர் கோபத்தில் பிளிறப் போனார். வேலாயி விரலை உதட்டில் வைத்து, "பொட்டாட்ட இருங்க, அவளுக்கு ஆகாது" என்றாள். ஆட்சியர் தணிந்த குரலில் பிளிறினார். "தானே ஒத்துக்கிட்ட பிறகு வேற வழியில்லை. இந்த அதிகாரியத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யறேன். நிபந்தனைகளப் படி, சடையப்பா!"

சடையப்பன் படித்தான். பணிநீக்கத்தில் இருக்கும் அலுவலர் எந்த வேலையும் செய்யக் கூடாது. தலைமையிடமான புங்கமரத்தடியை விட்டு நகரக் கூடாது. சாட்சிகளைக் கலைத்துவிடாதபடிக்கு அவரை யாரும் சந்திக்கவோ பேசவோ கூடாது. சுற்றிலும் முள்வேலி போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களை விரட்ட வேண்டும். மரங்கொத்தி வேறு மரத்துக்குப் போக வேண்டும். பிழைப்புக்கான புல்லும் தண்ணீரும் அரசு கொண்டுவந்து கொடுக்கும். மேலும், முழு விசாரணையில் குற்றவாளி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருப்பதால், அதற்குத் தகுந்த உடல்நிலை வரும்வரை மருத்துவ அலுவலர் தினமும் நேரில் வந்து சிகிச்சை அளிக்க வேண்டும்.

படித்து முடித்ததும் வேலாயி பூரணியைப் பார்த்தாள். பூரணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதட்டோரம் மறுபடி கோணியிருந்தது. இந்த முறை வேலாயிக்குப் புரிந்தது.

வேலி போட முள் வேண்டுமே? அந்த வேலையும் வேலாயிக்கே கிடைத்தது. காவலரும் அவளே.

அதற்குப் பிறகு புங்கமரத்தடியில் என்றைக்கும் இல்லாத அமைதி. பன்றி புல் கொண்டுவந்து வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, நுனிக்காலில் போகும். "என்ன இருந்தாலும் குற்றவாளி. நாமதான் பாத்து நடந்துக்கோணும்" என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும். நோயாளியாக இருந்தபோது நம்பாதவர்களெல்லாம் குற்றவாளியானதும் நம்பினார்கள். டாக்டர் தினமும் வந்தார். ஓடுங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. எங்கே ஓடச் சொல்வது? நகர்ந்தாலே விதிமீறல். எவ்வளவு நேரம் தலை தூக்கினால் மறுநாள் கெடாமல் இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். அந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்று சொன்னார். அதுதான் அந்த நோய்க்கு அவர் சொன்ன முதல் உருப்படியான வைத்தியம்.

மழைக்காலம் வருவதற்குள் பூரணியால் தலையைத் தூக்கவும் அசைபோடவும் ஒரே நாளில் முடிந்தது. ஒருநாள் அவள் முன்னங்காலை ஊன்றி, கொஞ்ச நேரம் எழுந்து உட்கார்ந்தாள்.

டாக்டருக்குக் கண் கலங்கியது. "மேடம்! உக்காந்துட்டீங்க! இப்பவே போய் ஆட்சியருக்கு அறிக்கை அனுப்பறேன்."

"அனுப்புங்க" என்றாள் வேலாயி. "உக்காந்துட்டான்னு தெரிஞ்சா நிக்க வெச்சு விசாரிப்பாங்க. விசாரிச்சா விடுதலை பண்ணிருவாங்க. விடுதலையானா மறுபடியும் நோயாளி. நோயாளின்னா கழுகுப்பாறை."

டாக்டர் வெகுநேரம் யோசித்தார். ஒரு காலில் நின்று யோசித்தார். இன்னொரு காலில் நின்றும் யோசித்தார். பிறகு, 'முன்னேற்றம் ஏதும் இல்லை. விசாரணையை ஒத்திவைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதினார். அவருடைய உத்தியோக வாழ்வில் அவர் எழுதிய முதல் பொய் அது. முதல் சரியான மருந்துச் சீட்டும் அதுதான்.

விஷயம் காட்டில் மெல்லப் பரவியது. அடுத்த திங்கட்கிழமை ஆலமரத்தடியில் ஆட்சியர் கண்ட காட்சியை அவர் அதுவரை கண்டதில்லை. பாறை உச்சியில் மயங்கி விழுந்த அணிலை அதன் தம்பி முதுகில் சுமந்து வந்திருந்தான். வருஷக்கணக்காகப் பொந்தை விட்டு வெளியே வராத இருவாட்சிப் பறவை ஒன்றை, பொந்தோடு மரத்தையே உருட்டி வந்திருந்தார்கள். இன்னும் எங்கெங்கோ படுத்துக் கிடந்ததுகள் எல்லாம் பட்டையிலும் இலையிலும் வந்து சேர்ந்திருந்தன.

"எல்லாருக்கும் என்ன வேணும்?" என்றார் ஆட்சியர்.

"பொறுப்பு வேணுங்க" என்றது அணில், படுத்தபடியே. "குடுத்தீங்கன்னா உடனே தப்பை ஒத்துக்கறோம்."

ஆட்சியர் அங்கயற்கண்ணியின் சிறிய கண்களிலிருந்து பெரிய கண்ணீர் வழிந்தது. "பொறுப்பேத்துக்க இந்தக் காட்டுல இத்தனை பேரா!" என்று தழுதழுத்தவர், அத்தனை பேரையும் நியமித்து, சாப்பாட்டு வேளைக்குள் அத்தனை பேரையும் பணிநீக்கம் செய்தார்.

நீதி: உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள், குற்றம் செய்துவிட்டேன் என்றால் உடனே நம்புவார்கள். ஆகவே நோயாளிகளே, ஓய்வு வேண்டுமானால் சீக்கிரம் ஒரு பதவியை ஏற்று, அதில் தவறிவிடுங்கள்.